கண்ணை மூடிக் கட்டிய மாடிப்படி

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. நல்ல தேக்கு ஜன்னல். திறந்தால் ஒரு மாடிப்படியின் அடிவயிறு தெரியும். மைசூர் விஜயநகரில் கிழக்குப் பார்த்த மனையில், சமையலறையைத் தெருப்பக்கமாக வைத்து, அதற்கு ஜன்னலும் வைத்து, அந்த ஜன்னலுக்கு நேர் முன்னால் ஒரு மாடிப்படியை எழுப்பி அடைத்த புத்திசாலி நான்தான். அந்தப் படியை நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டினேன். இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூச்சை இழுத்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் இருந்தேன். யாருக்கு எவ்வளவு லீவு பாக்கி என்று சொல்வதும், கேட்டவர்களுக்கு அது இல்லை என்று சொல்வதும் என் தொழில். மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்புவேன். பிரசுரமானவற்றை நண்பர்களுக்குக் காட்டுவேன். திரும்பி வந்தவற்றை மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். அவள்தான் அதிகம் கேட்டிருக்கிறாள்.

அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரு புது ஜுரம் கண்டிருந்தது. ஊழியர்களிடம் கற்பனை வளத்தைப் பெருக்க வேண்டும் என்று யாரோ மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வரவழைக்கப்பட்டார். தாடி, கழுத்தில் டை, காலில் செருப்பு. அந்தச் சேர்க்கையிலேயே எங்களுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளி எங்களை வட்டமாக உட்கார வைத்தார். "நீங்கள் எல்லாரும் வார்த்தைகளில் யோசிக்கிறீர்கள். அதனால்தான் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. படமாக யோசியுங்கள். கண்ணை மூடுங்கள். உங்கள் முன்னால் ஒரு மாம்பழம் இருக்கிறது. பாருங்கள்" என்றார்.

மூடினேன். கறுப்பு. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு கலந்த கறுப்பு. இமையின் உள்பக்கத்தைத் தவிர வேறெதுவும் அங்கே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமும் இல்லை. மனம் உருகியது என்று யாராவது சொன்னால் நாம் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அதுபோல, மனக்கண்ணில் பார்த்தேன் என்பதையும் ஒரு பேச்சு வழக்கு என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். ஒருவேளை மற்றவர்களுக்கு நிஜமாகவே ஏதாவது தெரிகிறதோ என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது. திருட்டுத்தனமாக ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். வட்டம் முழுக்க முகங்கள் மூடிய கண்ணோடு புன்னகைத்துக்கொண்டிருந்தன. எல்லாருக்கும் மாம்பழம் கிடைத்துவிட்டது போலிருந்தது.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் மெஷின் ஷாப் ஃபோர்மேன். பயிற்சியாளர் முதலில் அவரைக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் காணல சார்" என்றார் ஃபோர்மேன், நேர்மையாக. "பரவாயில்லை, சிலருக்கு நேரமாகும்" என்று பயிற்சியாளர் ஆறுதல் சொன்ன விதத்தில், ஃபோர்மேன் ஏதோ வியாதி இருப்பதாகச் சொல்லப்பட்டவர் மாதிரி சுருங்கிப் போனார். அடுத்தது நான். நானும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் துணையாவது இருந்திருக்கும். ஆனால் நான் புத்தகம் படிக்கிறவன், எழுதுகிறவன் என்று அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கண்ணைத் திறக்காமலே ஆரம்பித்தேன்.

"ஒரு பாதாமி மாம்பழம். காம்பில் பால் காய்ந்து கறுத்திருக்கிறது. வெயில் பட்ட பக்கம் மஞ்சள். மறுபக்கம் இன்னும் மனசில்லாத பச்சை. அடியில் ஒரு எறும்பு, ஏறலாமா வேண்டாமா என்று நிற்கிறது."

கைதட்டினார்கள். எறும்பு பயிற்சியாளரை மிகவும் பாதித்துவிட்டது. "இதுதான் படமாக யோசிப்பது!" என்றார். ஃபோர்மேன் என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை கூட இல்லை, மரியாதை இருந்தது. அதுதான் பிறகு என்னை உறுத்தியது. அப்போது உறுத்தவில்லை. அப்போது சுகமாக இருந்தது.

அடுத்த மாதம் முதல் தொழிற்சாலையில் வாராவாரம் கற்பனை வகுப்பு நடத்தும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார்கள். கறுப்பைத் தவிர எதையும் பார்த்திராத நான், கேன்டீனில் நின்றுகொண்டு, "இன்னும் நன்றாகப் பாருங்கள், நிறத்தைப் பாருங்கள், வாசனை வருகிறதா?" என்று அதட்டினேன். சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வரும். வருகிறது என்பார்கள்.

வீட்டில் மட்டும் ரகசியமாகப் பயிற்சி செய்தேன். சாயங்காலம் பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மாம்பழம், மாம்பழம் என்று காத்திருப்பேன். மனைவி கடந்து போகும்போது சொல்வாள்: "தூங்கறதுன்னா படுத்துத் தூங்குங்க. கழுத்துப் பிடிச்சுக்கும்."

வீடு கட்டத் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். மனை வாங்கி வெகுநாளாகிப் புல் முளைத்துக் கிடந்தது. பிளான் போடுகிறவர் ஒருவர், எல்லாருக்கும் போடுவது போல ஒரு பிளான் போட்டுக் கொடுத்தார்: முன்னால் வாசலும் ஒரு பக்கம் சமையலறையும், நடுவில் ஹால், ஹாலின் பின்மூலையில் மாடிப்படி. மனைவி அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாங்க. அடுப்பு முன்னாடி நின்னா ரோடு தெரியோணும். அவ்வளவுதான்."

அவள் கொள்ளேகால் பக்கத்துக்காரி. வேணும் என்பதற்கு அவள் சொல்லும் 'ஓணும்' எந்த ஊர்த் தண்ணீர் குடித்தும் மாறவில்லை. அதுவரை நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகள் எல்லாவற்றிலும் சமையலறை பின்பக்கம் இருந்தது. ஜன்னல் என்று ஒன்று இருந்தால், எதிரே அடுத்த வீட்டுக் குளியலறைச் சுவர். அவளுக்குத் தெரு பிடிக்கும். யார் போகிறார்கள், யார் புதுச் சேலையில் போகிறார்கள், தள்ளுவண்டியில் இன்றைக்கு என்ன காய், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளில் யார் யாரோடு சண்டை, எல்லாம் வேண்டும். "ஊரே முன்னாடி நடக்குது. எனக்கு சத்தம் மட்டும்தான் வருது" என்பாள்.

மனையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு அறைகளைக் குறித்த நாளன்று அவளும் வந்தாள். தாண்டினால் தீட்டு என்பது போல எல்லாரும் கோட்டுக்கு வெளியே நின்றோம். அவள் மட்டும் ஹாலுக்குரிய இடைவெளி வழியாக ஒழுங்காக நுழைந்து, சமையலறைச் சதுரத்துக்குள் போய், கிழக்குப் பார்த்து நின்றாள். கையில் கரண்டி இருப்பது போல வைத்துக்கொண்டு எதையோ கிளறினாள்.

"இங்கதானே ஜன்னல்?"

"அங்கேதான்."

"அய்யோ, காய்காரர் போறாருங்க. முருங்கைக்கா இருக்குது பாருங்க!"

தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த லேஅவுட்டில் அப்போது பாதி மனைகளில் புதர்தான். ஒரு மாடு மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவள் கண் நன்றாகத் திறந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"நான் முன்னாடியே பார்த்தாச்சு" என்றேன். வாராவாரம் வகுப்பில் சொல்லிச் சொல்லி அந்தப் பொய் நாக்கில் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

சுவர்கள் ஜன்னலுக்கு மேல் எழும்பியபோது, தங்கையின் பிரசவத்துக்காக அவள் கொள்ளேகால் போனாள். நான் லீவு போட்டுவிட்டு மேற்பார்வை செய்தேன். அதாவது, வேலை நடக்கிற இடத்தில் வழியை மறைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மத்தியானம், வேலையாட்கள் சாப்பிடப் போனபோது, கேட் வரப்போகும் இடத்தருகே சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து பழக்கத்தில் கண்ணை மூடினேன்.

தெரிந்தது.

இதை நான் மிகைப்படுத்தவில்லை. இமைக்குள் கறுப்பு விலகி வீடு நின்றது. அதன் முகப்பின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு மாடிப்படி, நாட்டியக்காரி கையை நீட்டியது போல எழுந்து போயிற்று. அதில் நான் இறங்கி வந்துகொண்டிருந்தேன். கையில் புத்தகம். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணைத் திறந்து மறுபடி மூடினேன். அப்படியே இருந்தது. நாற்பது தாண்டிய ஒருவனுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக மனதுக்குள் ஒரு படம் தெரிந்தால் அவன் எவ்வளவு ஆபத்தானவன் ஆகிவிடுகிறான் என்பதற்கு நான் சாட்சி. எனக்கு அழுகை வந்தது. பிறகு மேஸ்திரி வந்தார்.

மேஸ்திரி கொள்ளேகாலை அடுத்த ஹனூர்க்காரர். எது சொன்னாலும் தலையைச் சாய்த்து முழுவதும் கேட்பார்.

"மேஸ்திரி, படி உள்ளே வேண்டாம். வெளியே வரட்டும். முன்னாடி."

"முன்னாடியாங்க? பிளான்ல உள்ளாற இருக்குதுங்களே."

"பிளான் பேப்பர்ல இருக்கு. இது இங்கே இருக்கு" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். பிறகு படியை வர்ணித்தேன். எறும்பு வரைக்கும் போகவில்லை, ஆனால் கிட்டத்தட்டப் போனேன். "நீங்களும் கண்ணை மூடிப் பாருங்க, தெரியும்."

மரியாதைக்காக எதிரே உட்கார்ந்து மூடினார். தலை லேசாகச் சாய்ந்தது.

"தெரியுதா?"

"பகல்ல கண்ண மூடுனா எனக்குத் தூக்கந்தானுங்க வருது. நீங்க பார்த்துட்டீங்கல்ல, அது போதுங்க." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டவர், "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களா?" என்றார்.

"அவங்க ஊர்ல இருக்காங்க. நான் சொல்லிக்கறேன்."

தெருமுனையில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் இருந்தது. மாமனார் வீட்டுக்கு அடுத்த மளிகைக்கடையில் போன் உண்டு; கூப்பிட்டால் ஓடிப்போய் அழைத்து வருவார்கள். நான் அந்த பூத்தைத் தினமும் இரண்டு தடவை கடந்து போனேன். ஜன்னல் மறைந்துவிடும் என்று எனக்குத் தெரியாது; அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் அவள் ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள் என்று தெரியும். அவள் கேட்டால் படம் கலைந்துவிடும் என்று பயந்தேன். அத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரே படம். அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் காட்டிய அக்கறையில் கால்வாசியை நான் வேறெதிலும் காட்டியதில்லை.

சென்ட்ரிங் அடித்தார்கள், கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள். நான் கேட்டருகே நின்று மனதில் இருப்பதோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அச்சு அசலாக வந்தது. ஒரு தடவை கூடச் சமையலறைக்குள் போய் நிற்கவில்லை.

மனைவி ஊரிலிருந்து வந்தாள். கேட்டருகே நின்று படியை ஒரு பார்வை பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். என் காது குளிர்ந்தது. நான் அந்த வளைவைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அவள் நேரே உள்ளே போனாள், சமையலறைக்கு. ஜன்னல் கொண்டி திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே நான் வளைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வளைவு முடிந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு கொண்டி மூடும் சத்தம்.

வெளியே வந்தாள். "படிக்கு என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு. அவள் வேறொன்றும் சொல்லாததால், நானே உள்ளே போய் அந்தக் கொண்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. சரிவாக இறங்கும் கான்கிரீட். சென்ட்ரிங் பலகையின் மரக்கோடுகள் அதில் அப்படியே பதிந்திருந்தன. படியின் சரிவுக்குக் கீழே, ஒரு ஓரத்தில், முக்கோணமாக ஓர் இடுக்கு மட்டும் மிச்சம். அதன் வழியாகக் காம்பவுண்டின் பக்கச் சுவரின் ஒரு மூலை தெரிந்தது. தெரு இல்லை. காய்காரர் இல்லை. அந்த மாடு கூட இல்லை.

இடிக்க முடியுமா என்று மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "முடியுமுங்க. ஆனா படியை இடிச்சா சுவரும் விரிசல் விடுமுங்க" என்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை.

கிரகப்பிரவேசம் எட்டு மணிக்கு மேல் முகூர்த்தம். வெளியே பளீரென்று வெயில். கரண்ட் இணைப்பு இன்னும் வரவில்லை. புதுச் சமையலறையில் பால் பொங்குவதைப் பார்க்க உறவினர்கள் கூடினார்கள், எதுவும் தெரியவில்லை. "ஸ்வல்ப லைட் போடுங்க ஸ்வாமி" என்றார் புரோகிதர். எங்கள் ஃபோர்மேன்தான் ஓடிப்போய் யாரிடமோ டார்ச் வாங்கி வந்து பால் பாத்திரத்துக்குள் அடித்தார். காலை வெயில் நேரத்தில், கிழக்குப் பார்த்த சமையலறையில், டார்ச் வெளிச்சத்தில் பால் பொங்கிற்று. எல்லாரும் சந்தோஷமாகச் சத்தம் போட்டார்கள். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

டார்ச்சை அணைத்துவிட்டு ஃபோர்மேன் ஆர்வத்தோடு கேட்டார்: "சார், இந்தப் படியையும் அந்த மாம்பழம் மாதிரியேதான் பார்த்தீங்களா?"

"எந்த மாம்பழம்?" என்றாள் மனைவி.

அவர் சொன்னார். காம்பு, பால், மனசில்லாத பச்சை, எறும்பு எதையும் விடாமல், நான் சொன்னதைவிட அழகாகவே சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவரா? கூடையில மாம்பழம் எதிர்லயே இருந்தாலும், எங்க வெச்சேனு என்னையத்தான் கேப்பாரு." எல்லாரும் சிரித்தார்கள். ஃபோர்மேனும் சிரித்தார், ஆனால் என்னை நம்பாமல் இல்லை. நான் அந்த மாம்பழத்தைப் பார்க்கவே இல்லை என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

குடிவந்த பிறகு ஒரு நாள், படியில் உட்கார்ந்து, எனக்குக் கிடைத்த அந்த ஒரே படத்தை மறுபடி வரவழைத்துப் பார்த்தேன். உடனே வந்தது. இப்போது நிதானமாக மூலைமுடுக்கெல்லாம் தேடினேன். இறங்கி வரும் நான் இருந்தேன். அண்ணாந்து பார்க்கும் தெருக்காரர்கள் இருந்தார்கள். கதவோரத்தில் ஒரு காபி டம்ளர் நீண்டது. அதைப் பிடித்திருந்த கையில் வளையல் கூட இருந்தது. ஆள் இல்லை. கைக்குப் பின்னால் எதையுமே நான் போட்டு வைக்கவில்லை. வகுப்பில் நான் சொல்லித் தந்ததெல்லாம் நிறத்தைப் பார், வெளிச்சத்தைப் பார் என்பதுதான். எங்கே நின்று பார்க்கிறாய் என்று யாரையும் கேட்டதில்லை. நான் கேட்டருகே நின்று பார்த்திருக்கிறேன், அதுவும் என்னை.

இரண்டு மூன்று மாதம் அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. டியூப்லைட்டில் சமைத்தாள். பிறகு ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது, பக்கச் சுவரின் மூலையில் இரும்புக் கம்பி ஒன்றில், லாரிகளுக்கு வைக்கிற நீளக் கண்ணாடி ஒன்று மாட்டியிருப்பதைப் பார்த்தேன். போன வாரமே மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பதிக்க வைத்திருக்கிறாள்; என் கண்ணில்தான் படவில்லை. நான் உள்ளே போய் அடுப்பு முன்னால் நின்று பார்த்தேன். முக்கோண இடுக்கில் கண்ணாடி, கண்ணாடியில் தெரு. இடவலம் மாறி, கொஞ்சம் சாய்ந்து, ஆனால் முழுத் தெரு. தள்ளுவண்டி ஒன்று போயிற்று. முருங்கைக்காய் இருந்தது.

அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

"ஒண்ணு கேக்கோணும்னு நினைச்சேன். தினமும் வந்ததும் கேட் கிட்ட நின்னு மேல பார்த்து முடியைக் கோதிக்கறீங்களே, என்னத்துக்கு?"

கண்ணாடியில் கேட் மிகத் தெளிவாகத் தெரிந்தது. பேச்சை மாற்ற வேண்டும் என்ற அவசரத்தில், ஆனால் உண்மையான வியப்போடும்தான், சொன்னேன்: "இதை நான் வகுப்பில் சொல்லப் போறேன். நிஜமான கற்பனைன்னா இதுதான். எப்படித் தோணிச்சு உனக்கு? கண்ணை மூடினப்போ முதல்ல என்ன தெரிஞ்சுது?"

அவள் பால் பாத்திரத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நான் எதுக்குங்க கண்ண மூடறேன்? பால் பொங்கிடாதா?"